பாலிஷ் போட்ட பழைய கைத்துப்பாக்கி: அடுத்து என்ன செய்யலாம்?

தாத்தா காலத்துக் கைத்துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது என்று சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது "என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான். யாரோ அதைத் தேய்த்து, இரும்புக்குப் பாலிஷ் போட்டு, கட்டைக்கு வார்னிஷ் அடித்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தால் அந்தக் கேள்வி இன்னும் ஆவலோடு வரும். ஆனால் விலை கடைசியில் பேச வேண்டிய விஷயம். உயிருக்கு ஆபத்து உண்டா, சட்டத்துக்கு விரோதமா என்ற இரண்டையும் தீர்த்துக்கொள்ளாமல் மற்ற எதையும் பேசுவதில் பயனில்லை.

கோலார் தங்கவயலில் இப்படி ஒரு பொருள் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் இந்தப் பக்கம் தங்கம் இருப்பதைக் கேட்டறிந்து எழுதினார். நியூஸிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூருக்கு வந்த மைக்கேல் லாவெல் என்ற சிப்பாய், 1875இல் மைசூர் அரசிடம் சுரங்க அனுமதி பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த பிறகு ஊரே எழும்பியது. துரைமார் பங்களாக்கள், கிளப், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்திருந்த துணைப்படை பட்டாலியன் என்று துப்பாக்கி புழங்கிய இடங்கள் பல. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டது. இப்படி ஆட்கள் கிளம்பிப் போகிற ஊரில் சாமான்கள் கை மாறுவது வழக்கம். பட்லருக்கு, டிரைவருக்கு, கிளார்க்குக்கு என்று வந்து சேர்ந்த பொருள் மூன்றாம் தலைமுறையில் 'தாத்தா துப்பாக்கி' ஆகிவிடும்.

முதல் வேலை, அதைக் கையில் எடுத்துக் குறி பார்த்து விளையாடாமல் இருப்பது. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி, கெட்டித்த நிலையிலேயே பல தலைமுறை கிடந்திருக்கலாம். கரிமருந்து ஈரம்படாமல் இருந்தால் வயதாவதால் மட்டும் செத்துப்போவதில்லை. சுரங்கத்தில் வெடிக்காமல் நின்றுபோன துளையில் மறுபடி டிரில் வைக்கக்கூடாது என்பது தங்கவயலில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதுவும் அதே சங்கதிதான். குழலுக்கு நேரே முகமோ கையோ வராமல் பக்கவாட்டில் இருந்துகொண்டு, மெல்லிய மரக்குச்சி ஒன்றை உள்ளே மெதுவாக விடுங்கள். அடி தட்டியதும், குழல் வாய் வரும் இடத்தில் குச்சியில் ஒரு கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சி முனை, தீ நுழையும் துளை இருக்கும் இடம் வரை எட்டினால் குழல் காலி. ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவி கட்டிய மண்ணாகவும் இருக்கலாம், மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். கம்பி விட்டுத் தோண்டக்கூடாது, சூடு காட்டக்கூடாது. வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். தோட்டா போடும் ரிவால்வராக இருந்தால் இந்தக் குச்சி வேலையும் வேண்டாம். விவரம் தெரிந்தவர் வரும் வரை தொடாமல் இருப்பதே சரி.

அடுத்தது சட்டம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "நூறு வருஷம் ஆன துப்பாக்கிக்கு லைசன்ஸ் வேண்டாம்" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வழக்கொழிந்த மாதிரியாகவோ, தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருக்கும் ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாது என்றால்தான் அதை வைத்திருப்பதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ரிப்பேர் செய்தால் சுடும் என்ற நிலையில் இருந்தால், துரு ஏறி இறுகிக் கிடந்தாலும் இந்த விலக்கு கிடைக்காது. குழல் வாயில் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளுக்கு விவசாயிகள் இன்றும் லைசன்ஸ் வைத்திருப்பது இதனால்தான்.

மெருகேற்றியவர் வெறுமனே தேய்த்துவிட்டாரா, அல்லது உடைந்த வில்லை மாற்றி, அடைத்த துளையைக் குத்திவிட்டு, குதிரையைத் திரும்ப ஆடவைத்தாரா என்ற கேள்வி இங்கே மிக முக்கியம். முன்பு உயிரற்றுக் கிடந்த பொருளை அவர் மறுபடி சுடக்கூடிய கருவியாக்கியிருந்தால், அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது என்று அவரே காட்டிவிட்டார் என்று அர்த்தம். துப்பாக்கியை ரிப்பேர் செய்து கொடுக்கும் தொழிலுக்கே தனி லைசன்ஸ் வேண்டும். தெருமுனை லேத் பட்டறையில் கொடுக்கிற வேலை இல்லை இது. ஆகவே, என்னென்ன செய்தார்கள் என்பதை நினைவு இருப்பவர்களிடம் உடனே கேட்டு எழுதி வையுங்கள். கழற்றிப் போட்ட பழைய திருகோ வில்லோ ஏதாவது டப்பாவில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள்.

2020 பிப்ரவரி 12ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கியூரியோ (அரும்பொருள்) என்ற வகையில் வரும் சிற்றாயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று அது சொல்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தவோ வெளியே எடுத்துச் செல்லவோ உரிய லைசன்ஸ் வேண்டும். இதில் ஒரு நடைமுறை எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. விவரம் கேட்கிறேன் என்று துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் காகிதம் போகட்டும்.

அந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும்? லைசன்ஸ் விஷயத்தில் அதிகாரி, மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும் இருக்கும் கோலார் துணை ஆணையர் (டி.சி.). தங்கவயலுக்கென்று தனி எஸ்.பி. இருக்கிறார். டி.சி.க்கு ஒரு கடிதமும் எஸ்.பி.க்கு அதன் நகலும் போதும். பொருள் எப்படிக் குடும்பத்துக்கு வந்தது, எத்தனை காலமாக இருக்கிறது, நீளம் எவ்வளவு, என்னென்ன எழுத்தும் முத்திரையும் தெரிகின்றன, யார் எப்போது மெருகேற்றினார்கள் என்று நேராக எழுதி, நாலு பக்கமும் எடுத்த போட்டோக்களை இணைத்து, இது எந்த வகையில் வரும் என்று கேட்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்த நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சுடுமா சுடாதா என்பதைப் போலீஸ் வழியாகத் தடய அறிவியல் ஆய்வக நிபுணர்கள் பார்த்துச் சொல்லலாம். குடும்பத்தில் யாருக்காவது எப்போதாவது லைசன்ஸ் இருந்ததா என்று பழைய தகரப்பெட்டிகளைத் துழாவுங்கள். லைசன்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க விதி இருக்கிறது. அதுவரை ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசாக வந்தாலும் ஒருவர் பெயரில் மொத்தம் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பது 2019 திருத்தம். அதே திருத்தம் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையைக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை என்று உயர்த்திவிட்டது. எந்தக் காகிதமும் இல்லாதவர்கள் கடிதம் எழுதும் முன் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. பயந்து ஏரியில் வீசுவதோ பழைய இரும்புக் கடையில் போடுவதோ தீர்வாகாது. அது இன்னொருவர் கையில் இன்னொரு குற்றமாக முளைக்கும்.

இனி பொருளைப் பார்ப்போம். ஜன்னலோரம் வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தால் நிறையத் தெரியும். குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருந்தால் அது ஏறக்குறைய 1840க்கு முந்திய வகை. கல்லுக்குப் பதில் சிறிய செம்புத் தொப்பி மாட்டும் காம்பு இருந்தால் அதற்குப் பிந்தியது. கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இந்தக் கேப் துப்பாக்கிகள் பரவியது 1840களில்தான். பக்கத் தகட்டில் கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் இருக்கலாம். இதய வடிவத்தை நாலாகப் பிரித்து எழுத்துகள் பொறித்திருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. பின்காலில் எழுந்து நிற்கும் சிங்கம் இருந்தால் அதுவும் கம்பெனிதான், 1808ஐ ஒட்டி வந்த மாற்றம். குழலில் சிறு சிறு கிரீட முத்திரைகள் தெரிந்தால், லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ அந்தக் குழலைச் சோதித்துப் பார்த்ததற்கு அடையாளம். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் தொடங்கியது. ஒன்றை மறக்க வேண்டாம்: சுற்றுலாக்காரர்களுக்கு விற்பதற்காகவே செய்த அலங்காரத் துப்பாக்கிகள் நம் நாட்டில் ஏராளம். அவற்றிலும் 'டவர்' என்று தாராளமாகப் பொறித்திருப்பார்கள்.

மெருகு எந்த அளவுக்குக் கெடுத்திருக்கிறது என்பதையும் அதே வெயிலில் பார்க்கலாம். திருகு உட்காரும் துளையின் விளிம்பைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் செய்தபோது அந்த விளிம்பு கூராக, தகட்டோடு சமமாக இருந்திருக்கும். பஃப் சக்கரத்தில் கொடுத்தால் துளையைச் சுற்றிக் கிண்ணம்போல் குழிந்துவிடும். எண்கோணக் குழலின் முனைகள் மழுங்கியிருக்கும். 'டவர்' என்பதில் முதல் எழுத்து ஆழமாகவும் கடைசி எழுத்து நிழல்போலவும் தெரிந்தால், உப்புத்தாள் எந்தத் திசையில் அழுத்தி ஓடியது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். கருநீலப் பூச்சுக்கு அடியில் துருப்பிடித்த குழிகள் தெரிந்தால் துருவின் மேலேயே நிறம் ஏற்றியிருக்கிறார்கள். கட்டை, தகட்டைவிடத் தாழ்ந்திருந்தால் மரத்தையும் இழைத்திருக்கிறார்கள். வால்நட் கட்டைக்கு எண்ணெய்தான் ஏறியிருக்க வேண்டும். மெலமைன் பாலிஷின் கண்ணாடிப் பளபளப்பு டைனிங் டேபிளுக்குச் சரி, இதற்குப் பொருந்தாது. பளபளப்பு என்பதாலேயே தப்பு என்று முடிவு கட்டவும் கூடாது. 18ஆம் நூற்றாண்டு ராணுவத் துப்பாக்கிகளின் இரும்பை வெள்ளையாகத் துலக்கித்தான் கொடுத்தார்கள். முனை மழுங்கியிருக்கிறதா என்பதே சரியான சோதனை.

மெருகு வரலாற்றையே எப்படி மூடிவிடும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1928 டிசம்பர் 17ஆம் தேதி லாகூரில் சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரி சுடப்பட்டார். அந்த வழக்கில் பகத் சிங்கோடு தொடர்புபடுத்தப்பட்ட .32 கோல்ட் கைத்துப்பாக்கி, பிற்காலத்தில் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அங்கே அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் மற்றத் துப்பாக்கிகளோடு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் வரிசை எண் அந்தப் பெயின்டுக்கு அடியில் போய்விட்டது. நாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றோடு சேர்ந்த ஆயுதம் அது என்பது பார்த்துக்கொண்டு போனவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் தேடி வந்தவர்கள் கேட்டபோது பெயின்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். எண் வழக்கு ஆவணங்களோடு பொருந்தியது. 2017இல் அது பஞ்சாபில் பகத் சிங்கின் நினைவிடம் இருக்கும் ஹுசைனிவாலாவுக்குப் போனது. நல்ல வேளையாக அவர்கள் பூசியது பெயின்ட். பஃப் சக்கரத்தில் கொடுத்திருந்தால் அந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவருவது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

ஆகையால், மெருகேற்றிய துப்பாக்கியைப் 'பழையபடி' ஆக்க முயலாதீர்கள். நிக்கல் முலாமை அமிலத்தில் உரிப்பது, செயற்கையாகத் துரு ஏற்றிப் பழமைபோலக் காட்டுவது இரண்டுமே பொருளை இன்னொரு தடவை அழிக்கும் வேலை. இரண்டாவது செயல் பொய்யும்கூட. மிச்சம் இருக்கும் எழுத்து, முத்திரை, அளவு இவற்றை அப்படியே காப்பாற்றினால் போதும். போனது போனதுதான். நான் இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம், 'கொஞ்சம் தட்டி ஒட்டினால் விலை ஏறும்' என்று ஆசை காட்டும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

விலைக்கு வருவோம். 2019இல் இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து திப்பு சுல்தான் காலத்து ஆயுதங்கள் கிடைத்தன. கும்பினி அதிகாரி ஒருவரின் வழித்தோன்றல்கள் வைத்திருந்தவை அவை. அவற்றில் வெள்ளி வேலைப்பாடு கொண்ட ஒரு நீள்துப்பாக்கி மட்டும் 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. போரில் பட்ட சேதம்கூட அதில் அப்படியே இருந்தது என்பதைத்தான் ஏலக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். யாருடையது என்ற சான்றும், கை படாத மேற்பரப்பும் சேர்ந்து கொண்டுவந்த விலை அது. நம் கையில் இருப்பதற்கு மேற்பரப்பு போய்விட்டது. சான்றும் பெரும்பாலும் வாய்மொழிதான். சேகரிப்பாளர்கள் மெருகேற்றிய பொருளுக்கு மிகக் குறைத்துத்தான் கேட்பார்கள், பலர் தொடவே மாட்டார்கள். வெளிநாட்டில் விற்கலாம் என்ற கனவும் வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் தடை போட்டிருக்கிறது. உள்ளூரில் விற்பதென்றாலும் பொருள் எந்த வகை என்று எழுத்தில் தெரிந்த பிறகு, உரிய அறிவிப்பு கொடுத்து, வாங்குகிறவரின் தகுதியைப் பார்த்துத்தான் கொடுக்க முடியும். இணையத்தில் போட்டோ போட்டு விலை கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இத்தனைக்கும் பிறகு என் கருத்து இது. சுடவே முடியாது என்று எழுத்தில் உறுதியாகிவிட்டால், விற்பதைவிடக் குடும்பத்தில் வைத்திருப்பது நல்லது. பணமாக அது தரப்போவது சொற்பம். தங்கவயலில் வாழ்ந்ததற்கான சாட்சியாக அது தருவது அதிகம். சுரங்கம் மூடிய பிறகு எத்தனையோ இயந்திரமும் சாமானும் பழைய இரும்பாகப் போய்விட்ட ஊர் இது. சுடக்கூடியது என்று வந்து, லைசன்ஸ் எடுக்க யாருக்கும் விருப்பமில்லை என்றால், வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். போலீசிடம் ஒப்படைத்துவிடலாம். அதற்கு முன் அருங்காட்சியகம் எதுவாவது ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்வதானால் பராமரிப்பு மிக எளிது. தங்கவயல் வீடுகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசி உள்ளே வரும். அது தங்கம் எடுக்க அரைத்த பாறையின் மிச்சம், உப்புத்தாள்போல் கீறும். ஆகவே துணியால் அழுத்தித் துடைக்கும் முன் மெல்லிய பிரஷால் தட்டிவிட வேண்டும். பித்தளைக் காப்பு கறுத்திருந்தாலும் புளி, சாம்பல், பிராஸோ எதுவும் ஆகாது. குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்தால் முத்திரைகள் தேயும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, அருங்காட்சியகங்களில் பூசும் நுண்படிக மெழுகை மெல்லிசாகத் தடவினால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். பூட்டுள்ள பீரோவில், குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில், டி.சி. ஆபீஸ் காகிதத்தின் நகலோடு வையுங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதானால், பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 1865இல் நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகம் பக்கத்தில் இருக்கிறது. 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கென்று ஒரு கூடமே உண்டு. அங்கே இருக்கும் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களின் கதை மனத்தை வருத்தும். 1855இல் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசின்றி இறந்த பிறகு, அரண்மனை ஆயுதக் கொட்டடியிலிருந்து தேர்ந்தெடுத்தவை மட்டும் சென்னைக்கு வந்தன. குவியல் குவியலாக மற்றவை உடைக்கப்பட்டு இரும்பு விலைக்குப் போயின. யாரோ ஒருவர் பொறுக்கி எடுத்ததால்தான் இவ்வளவாவது நம் கண்ணில் படுகிறது.

கொடுக்க விரும்புகிறவர்கள் முதலில் காப்பாளருக்குப் போட்டோவோடு எழுதட்டும். மெருகேற்றிய பொருள் என்பதை மறைக்காதீர்கள், அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். காட்சிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். கிடங்கில் இருந்தாலும் பதிவேட்டில் ஏறினால் போதும் என்ற மனம் வேண்டும். எடுத்துச் செல்ல அனுமதி, சக வாரிசுகளின் சம்மதக் கடிதம், துப்பாக்கி குடும்பத்துக்கு வந்த கதை எழுதிய ஒரு தாள் ஆகியவை கையில் இருக்கட்டும். அந்தத் தாளில் எந்த மைன்ஸ், எந்த லைன், தாத்தா என்ன வேலை பார்த்தார், யார் கொடுத்தார்கள் என்பதோடு எப்போது பாலிஷ் போட்டார்கள் என்பதும் இருக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது பதிவேட்டு எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.